பெரியம்மா துடைத்த மீட்டர் கண்ணாடி

எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு பொருளைத் துடைக்கக் கையில் எடுத்தால் போதும், "பெரியம்மா துடைச்ச மாதிரி துடைச்சு வச்சிடாதே" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். புதிதாக வீட்டுக்குள் வருகிற மருமகள்கூட முதல் கிறிஸ்துமஸுக்குள் இந்தக் கேலியைப் பழகிக்கொண்டுவிடுவாள். பெரியம்மாவும் கூடவே சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பல வருடங்கள் நான் அசட்டுச் சிரிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

விஷயம் ஒரு காரின் மீட்டர் கண்ணாடியைப் பற்றியது. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் முள், பெட்ரோல் முள், இன்ஜின் சூட்டைச் சொல்லும் முள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு வளைந்த தகடு இருக்குமே, அதுதான். வண்டி ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சு நடந்தது.

திருச்சி பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடியில் அப்பா, அம்மா, நான். அப்பாவுக்கு இளையவரான சித்தப்பா ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். பெரியப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ரிடையர் ஆன கையோடு டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பழைய கார் வாங்கினார். எத்தனை கை மாறிய வண்டியோ, ஆனால் எங்கள் வம்சத்தில் அதுதான் முதல் கார். அதை ஓட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். ரோட்டை அவர் ஒரு வகுப்பறையாகத்தான் பாவித்தார். குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள்காரனைப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் திருத்திவிட்டுத்தான் அடுத்த கியர் போடுவார். பின்னால் நிற்கிற பஸ் ஹாரன் அடித்தால், அது பின்பெஞ்சுப் பையன் போடும் சத்தம் போல அவர் காதில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் அந்தக் காரில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டில் சாப்பிடப் போவது வழக்கம். முன் சீட்டு எனக்கு. அப்பா, அம்மா, பெரியம்மா மூவரும் பின்னால் நெருக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு முன் சீட்டு கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் நாலாம் வகுப்புக்குப் போன வருடம் பெரியப்பா ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார். ஓட்டிக்கொண்டே, ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல், "பாப்பா, இப்போ எவ்வளவு?" என்பார். நான் எட்டிப் பார்த்து "முப்பத்தஞ்சு" என்பேன். "இதே வேகத்துல போனா சித்தப்பா வீட்டுக்கு எத்தனை நிமிஷம்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் என்ன சொன்னாலும் "யோசி, யோசி" என்பார். முதல் கேள்விக்குத்தான் அவருக்கு உடனே விடை வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. வகுப்பில் கணக்கில் நான் தேறுவதற்காகவே ஒருவர் கார் ஓட்டுகிறார் என்கிற பெருமை எனக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது பெரியப்பா கொண்டுவந்தவை ஒரு ரோஜா மாலையும், கரும்பலகை துடைக்கிற டஸ்டர் ஒன்றும். மாலை வாடிவிட்டது. டஸ்டர் காரின் டேஷ்போர்டில், ஜெபமாலை தொங்குகிற இடத்துக்குக் கீழே குடியேறியது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அதை எடுத்து மீட்டர் கண்ணாடியை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக அழுத்தித் துடைப்பார். ஆயுள் முழுக்கக் கரும்பலகை துடைத்த கை, வேறு எப்படியும் துடைக்காது. பாலக்கரைப் புழுதியும், டஸ்டருக்குள் மிச்சமிருந்த சாக்பீஸ் தூளும் சேர்ந்து அந்த பிளாஸ்டிக்கில் சிலந்தி வலை போலக் கீறல்களைப் போட்டுவிட்டன. வெயில் நேராக விழுந்தால் வலை மினுங்கும். அதற்காக முள் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாம்பழச் சாலையைத் தாண்டி அம்மா மண்டபம் போகிற ரோட்டில் திரும்பும்போது, டப்பென்று ஏதோ நசுங்கிய சத்தம் கேட்டது. வண்டி நின்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் கூடைமீது எங்கள் முன் சக்கரம் ஏறியிருந்தது. கூடைக்குப் பின்னால் அந்த அம்மாவின் கால் இருந்தது. கடைசி நேரத்தில் அவர் அதை இழுத்துக்கொண்டதால் கால் தப்பித்தது.

"யோவ், கண்ணு தெரியலையா உனக்கு? இவ்ளோ பெரிய கூடைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!" என்று அவர் கத்தினார்.

திருச்சியில் எந்தத் தெருவிலும் எந்த டிரைவரைப் பார்த்தும் யாரும் கேட்கிற கேள்விதான் அது. யாரும் பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஆனால் பெரியப்பா பதில் சொன்னார். "மீட்டரைப் பாக்கக் குனிஞ்சேம்மா. கண்ணாடி பூரா கீறலு, ஒண்ணும் தெரியல. அதுக்குள்ள வண்டி ஓரம் வந்திருச்சு" என்று, ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையன் போல விளக்கினார். பெரியம்மா இறங்கினார். சிதறிக் கிடந்த சம்பங்கியையும் துளசியையும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். "பெருமாளுக்குப் போற துளசிம்மா, கால்ல மிதிபடுதே" என்று பூக்காரம்மா புலம்பப் புலம்ப, ஒவ்வோர் இலையாக எடுத்து அந்த அம்மாவின் மடியில் போட்டார். மறுபடி வண்டியில் ஏறிய பெரியம்மா, சித்தப்பா வீடு வரும்வரை என் சீட்டின் முதுகைப் பிடித்த பிடியை விடவில்லை. குனிந்து எழுந்ததால் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை என்பதற்காகப் படிக்கிறவர்களையும் காக்க வைப்பது நியாயமில்லை. மங்கிக்கொண்டிருந்தது பெரியப்பாவின் கண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டுவருகிற நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது பெரியம்மா மட்டும். திரும்பி வந்து, "பவர் கொஞ்சம் கூடியிருக்காம்" என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பெரியம்மா அதை மறுக்கவில்லை. கணவர் சொன்னதை நாலு பேர் முன்னால் மறுக்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

மறுக்க நினைத்தாலும் பெரியப்பாவிடம் யார் சொல்வது? பூக்கூடை சம்பவத்துக்குப் பிறகு அப்பா ஒரு முயற்சி செய்தார். "அண்ணே, தூரமாப் போறப்ப மட்டும் ஒரு டிரைவரை வச்சுக்கலாமேண்ணே" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜைமீது வைத்தார். "நீயே வச்சுக்கடா, நாளையிலேர்ந்து நீயே எல்லாத்தையும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் மாடிக்குப் போய் அப்பாவிடம் சொல்வேன். அந்த வாரத்தில் நான் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கில்லை. கடைசியில் அப்பாவே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

இதற்குள் வேளாங்கண்ணிப் பயணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதா திருவிழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன் வருடா வருடம் குடும்பத்தோடு போய் வருவதாகப் பெரியப்பா எப்போதோ மாதாவிடம் வேண்டிக்கொண்டு ஒரு பொருத்தனை வைத்திருந்தார். கார் வந்த நாளிலிருந்து அவர்தான் ஓட்டிக்கொண்டு போவார். தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று நீண்டு கிடக்கிற ரோடு, எதிரே லாரி, ஓரத்தில் காவி உடுத்திக்கொண்டு நடந்து போகிற ஜனம். பெரியம்மா அந்த நாட்களில் ஜெபமாலையைக் கீழேயே வைக்கவில்லை என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறார். பக்தி கூடிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெரியப்பாவுக்கோ மீட்டர் கண்ணாடிதான் கவலை. "அது மட்டும் தெளிவா இருந்தா நான் ராமேஸ்வரம் வரைக்கும்கூட ஓட்டுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா அந்தச் சவாலை ஏற்றுக்கொண்டார். அவர் தன் ஹெல்மெட்டின் முன்மூடியில் விழுந்த கீறல்களைப் பற்பசை போட்டுத் தேய்த்துத் தேய்த்து மறைத்தவர். அந்த வெற்றிக்குப் பிறகு தெளிந்த பிளாஸ்டிக் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்ரீரங்கத்துக் குடியிருப்பின் கீழே கார் நிறுத்துமிடத்தில் வேலை தொடங்கியது. சித்தப்பா முதலில் அந்த டஸ்டரைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பெரியப்பா போய் அதை எடுத்து, தட்டி, தன் மடியில் வைத்துக்கொண்டார். "காஞ்ச துணியால தூசியத் தேய்ச்சா அது உப்புத்தாள் மாதிரிண்ணே" என்று சித்தப்பா விளக்கினார். பெயின்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் ஓரங்களிலிருந்த புழுதியைத் தட்டினார். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு வெள்ளைப் பற்பசையைப் பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய்க்கத் தொடங்கினார். கலர் பேஸ்ட் கூடாதாம், அதில் கீறலைத் தேய்த்து எடுக்கிற மாவு கிடையாதாம்.

ஆள் சேர்ந்துவிட்டது. கீழ்வீட்டு மாமா வாழைப்பழத் தோல் போதும் என்றார். இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்றார். மூன்றாவது மாடிக்காரர் பால்கனியில் நின்றபடியே கையால் வட்டம் போட்டுக் காட்டி, "லெஃப்ட்டுல இன்னும் கொஞ்சம்" என்று உதவி செய்தார். மீட்டரை முடித்த சித்தப்பாவுக்கு நிறுத்த மனசில்லை. கடிகாரத்தின் சின்ன மூடி, ரேடியோவின் ஜன்னல், கூரை விளக்கின் மஞ்சளடித்த மூடி என்று காருக்குள் ஒளி போகிற பிளாஸ்டிக் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஈரத்துணியால் துடைத்து எடுத்தபோது, மீட்டர் கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. தண்ணீருக்குள் கிடப்பது போல எண்கள் தெரிந்தன. காருக்குள் பல் துலக்குகிற காலை நேரத்து வாசனை வந்தது.

"உக்காந்து பாருங்கண்ணே" என்றார் சித்தப்பா. பெரியப்பா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எல்லோரும் ஜன்னல்களில் தலையை நீட்டிக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பத்தான்டா பளிச்சுனு இருக்கு" என்றார்.

"பெட்ரோல் எவ்வளவு காட்டுது?"

"அரை டேங்க் இருக்கு."

சித்தப்பா திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அந்த முள் தெரிந்தது. அது சிவப்புக் கோட்டை ஒட்டிக் கிடந்தது. கணக்கு வாத்தியார் தப்பாகச் சொல்லமாட்டார், பெட்ரோலை அளப்பதற்குப் பெரியவர்களுக்கு வேறு ஏதாவது முறை இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பெரியம்மா என் தோளுக்கு மேலாகக் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். "போற வழியில பங்க்ல நிறுத்திட்டுப் போவோம்ங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று திரும்பும்போதும் பாலத்தின்மீது "பாப்பா, இப்போ எவ்வளவு?" என்று கேள்வி வந்தது. கண்ணாடி பளிச்சென்று ஆன பிறகும் அவர் கேட்கிறாரே, என் படிப்பில் எவ்வளவு அக்கறை என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. வீடு வந்ததும் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்பவுமே உன்னத்தான் கேக்கறாராடி?" என்றார். "ஆமா பெரியம்மா. எனக்குக் கணக்கு வரணும்னு" என்றேன். அவர் என் தலையைக் கோதிவிட்டார். 

பெரியம்மாவின் வீட்டுப் பீடத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அங்கே ஒரு குழந்தை இயேசு சுரூபம் இருந்தது. தூசி படாமலிருக்க, நாலு பக்கமும் மேலேயும் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆன ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார். கல்யாணமான புதிதில் வாங்கியதாம். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துடைப்பது ஒரு சடங்கு போல நடக்கும். முதலில் வளையல்களைக் கழற்றி வைப்பார். குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பெரியப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணியை நனைத்து, நகம் படாமல் ஒரே பக்கமாக இழுத்துத் துடைப்பார். எங்களில் யாரையும் தொடவிடமாட்டார். பக்கத்திலிருக்கிற பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு மட்டும் வேறு முறை. அவற்றைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், புளியும் பாத்திரப் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் வறட்டு வறட்டு என்று தேய்ப்பார்.

வேளாங்கண்ணிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பயணத்துக்கு முன் வண்டியைக் கழுவித் துடைத்து, மாதா படத்துக்குப் பூ வைப்பது பெரியம்மாவின் வேலை. ஸ்கூல் லீவு என்பதால் நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தேன். காருக்குள்ளிருந்து வறட்டு வறட்டு என்று எனக்குப் பழக்கமான ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அந்த சீட்டில் அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கையில் தேங்காய் நார். மடியில் பாத்திரப் பொடி டப்பா. சித்தப்பா ஒரு மதியம் முழுக்கப் பாடுபட்டுத் தெளிய வைத்த மீட்டர் கண்ணாடியைப் பெரியம்மா பித்தளைத் தண்டு தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வளையல்கள் கழற்றாமல் கையிலேயே குலுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன பெரியம்மா பண்றீங்க?"

"பளபளன்னு ஆக்கறேன்டி. நாளைக்கு மாதா கோயிலுக்குப் போற வண்டி இல்லையா?"

"குழந்தை இயேசு பெட்டிய இப்படித் தேய்க்க மாட்டீங்களே?"

பெரியம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பொடி கண்ணில் பட்டிருக்கும் என்று தோன்றியது.

"அது சாமி. இது வண்டிதானே" என்றார்.

எனக்கு அந்தப் பதில் சரியாகத்தான் பட்டது. விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கட்டுச்சோறும் பையுமாக எல்லோரும் வாசலில் நின்றோம். பெரியம்மாவும் அம்மாவும் காவிப் புடவை கட்டியிருந்தார்கள். சித்தப்பாவும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். பெரியப்பா கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். மீட்டர் இருந்த இடத்தில் மோரை ஊற்றி உறைய வைத்தது போல ஒரு வெள்ளை. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. அதைப் பார்க்க நல்ல கண் வேண்டியதில்லை.

"எவன்டா இதைத் தொட்டது?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருக் கடைசியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"நான்தாங்க" என்றார் பெரியம்மா. "கேண்டில் ஸ்டாண்டு பொடி போட்டா பளிச்சுனு ஆகுதே, இதுவும் ஆகும்னு நெனச்சேன்."

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். "அண்ணி, பிளாஸ்டிக்குக்குப் போய் யாராச்சும் பாத்திரப் பொடி போடுவாங்களா அண்ணி?" என்று அழாத குறையாகக் கேட்டார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இனி எதைப் போட்டும் மீளாது, புதுசுதான் வாங்கி மாட்ட வேண்டும் என்றார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அப்பா நிலைமையைச் சமாளிக்க நினைத்து, எல்லாவற்றையும் கெடுக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார்.

"அதனால என்னண்ணே, மீட்டர் இல்லாட்டி என்ன? உத்தேசமா ஓட்டிட்டுப் போயிடலாம். விடிகாலைல ரோடு காலியாத்தானே இருக்கும்."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திட்டு வாங்கியபோதுகூட அப்படி ஆகவில்லை. கையிலிருந்த பூவை நசுக்கிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா அந்த வெள்ளைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, காருக்கு வெளியே நின்ற எங்கள் எல்லோரையும், கடைசியாகப் பெரியம்மாவையும் பார்த்தார். அவருக்கு எங்களில் யார் யார் எவ்வளவு தெரிந்தோமோ, தெரியாது. கார் சாவியை உருவினார். இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"வேகம் தெரியாம வண்டி எடுக்கறதாவது? இத்தனை உசுரு ஏறப்போகுது. சட்டப்படியே குத்தம்டா அது" என்று அப்பாவை அதட்டினார். "பஸ்ஸுல போவோம்."

அப்படித்தான் பஸ்ஸில் போனோம். என் முன் சீட்டு போய்விட்டதே என்று நான் தஞ்சாவூர் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா என்னைத் தன் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து, "வர்ற போர்டெல்லாம் படிச்சிக்கிட்டே வா பாப்பா" என்றார். ஊர்ப் பெயர்களையும், மைல்கல்லையும், சிமென்ட் விளம்பரத்தையும், சுவரில் எழுதியிருந்த கல்யாண வாழ்த்தையும் கடல் வாடை வருகிற வரை சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். கணக்கு முடிந்து தமிழ்ப் பாடம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு முந்தின வரிசையில் பெரியம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பயணத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா காலமாகி வருடங்கள் ஆகின்றன. கடைசிக் காலத்தில் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. அப்போதும் வருகிறவர்களிடமெல்லாம், "இவ மட்டும் பொடி போட்டுத் தேய்க்காம இருந்திருந்தா நான் இன்னும் ரெண்டு வருஷம் வண்டி ஓட்டியிருப்பேன்" என்று சொல்லுவார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். இப்போது நான் கார் ஓட்டுகிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது, குழந்தை இயேசுவின் பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இத்தனை வருடம் வாரம் தவறாமல் துடைத்த பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்குக் காருக்குள் எட்டிப் பார்த்து இந்தப் பெட்டியைப் பற்றி நான் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கே புரிந்தது. எல்லோரும் இத்தனை காலம் அவரைக் கேலி செய்ததை நினைத்து அழுகை வந்தது. பெரியம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் "அது சாமி, இது வண்டி" என்றுதான் சொல்லுவார்.

ஆனால் பெரியப்பாவைப் பற்றி அன்றைக்கு நான் புரிந்துகொள்ளாத ஒன்றும் இருந்தது. அது புதுக் கண்ணாடி வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய பிறகு, பெரியப்பா மீட்டர் கண்ணாடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு ஸ்க்ரூவுக்காக ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்குகிற மனிதர், இதற்கு ஒரு கடைக்கும் போகவில்லை. சித்தப்பாதான் அலைந்து பிடித்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். "அண்ணே, ஒரிஜினல் பீஸ். பத்து நிமிஷத்துல மாட்டிடுவேன்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். (இரண்டு வருடம் கழித்து, அப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது அதே கண்ணாடியைத்தான் மாட்டினோம். நூலிழை பிசகாமல் உட்கார்ந்தது.)

பெரியப்பா பேப்பரைப் பிரித்தார். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரங்களை விரல்களால் சுற்றித் தடவினார். ஒரு தடவை முகத்துக்கு நேராகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கார் வாசலில்தான் நின்றது. அவர் எழுந்து போகவில்லை.

"சேராதுடா. அளவு வேற" என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். பெரியம்மா காப்பி டம்ளரை அவர் கையில் வைத்து, "குடிங்க தம்பி, ஆறிடும்" என்றார். பெரியப்பா கண்ணாடியைப் பெரியம்மா இருந்த பக்கம் நீட்டினார். அவர் வளையல் படாமல், புடவைத் தலைப்பால் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

 ஸ்கேல் இல்லை, டேப் இல்லை, வண்டிப் பக்கம் போகக்கூட இல்லை. வெறும் கண்ணாலேயே பார்த்து அளவு சொல்லிவிட்டாரே, கணக்கு வாத்தியார் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.